குப்பை எருவும் மூட்டை உரமும்: கத்தரி வயலில் இரண்டும் எப்படிச் சேர வேண்டும்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் அருகில் எங்களுக்கு ஒரு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் தக்காளியும் மாற்றி மாற்றி வைக்கிறோம். இரண்டு கறவை மாடுகள் உள்ளன. சென்ற பட்டத்தில், நடவுக்கு நான்கு நாள் முன்பு, குப்பைக்குழியில் இருந்ததை வைக்கோலும் தென்னை மட்டைத் துண்டுகளும் கலந்தபடியே வயலில் இறைத்து உழுதோம். நட்ட கத்தரி நாற்று மூன்று வாரம் வெளுத்து நின்றது. பயந்துபோய் அடுத்தடுத்து இரண்டு மூட்டை யூரியா போட்டோம். பிறகு செடி நன்றாகத் தழைத்தது. ஆனால் புழு விழுந்து பாதிக் காய் வீணாகிவிட்டது. குப்பை போட்ட நிலத்தில் ரசாயன உரம் போட்டால் நுண்ணுயிர் செத்துவிடும், இரண்டில் ஒன்றைத்தான் போட வேண்டும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் இல்லாமல் கத்தரி வராது என்கிறார்கள் உரக்கடையில். இரண்டையும் சேர்த்துப் போடலாமா? எவ்வளவு, எப்போது? அடுத்த ஆண்டு முதல் ரசாயன உரத்தை அடியோடு நிறுத்திவிட முடியுமா?

பதில்: இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வயலில் நடந்தது எருவும் உரமும் சேர்ந்ததால் வந்த கேடு அன்று. எரு மக்குவதற்கு முன்பே வயலுக்குப் போனதும், அதைச் சரிசெய்ய யூரியா ஒரே மூச்சில் போடப்பட்டதும்தான் காரணம். இந்த இரண்டையும் திருத்திக்கொண்டால் அதே மாட்டுக் குப்பையும் அதே யூரியாவும் உங்களுக்கு நல்ல காய்ப்பைத் தரும்.

நாற்று ஏன் வெளுத்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சுமார் 80 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. நன்றாக மக்கிய எருவில் இந்த விகிதம் 20-க்குக் கீழே இறங்கிவிடும். கரிமம் மிகுந்த பொருளை மண்ணில் புதைத்தவுடன் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பெருகுவதற்கு வேண்டிய தழைச்சத்து அந்த வைக்கோலில் போதிய அளவு இல்லாததால், மண்ணில் ஏற்கெனவே இருப்பதை அவை எடுத்துக்கொள்கின்றன. வேர் பிடிக்காத இளநாற்று அவற்றோடு போட்டியிட முடியாமல் பட்டினி கிடக்கிறது. முதலில் அடியிலை வெளுப்பது இதனால்தான். இந்த முடக்கம் நிலையானதன்று. வைக்கோல் சிதைந்து முடிந்ததும் நுண்ணுயிர்கள் மடிந்து, தாம் பிடித்துவைத்திருந்த தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. உங்கள் வயலில் அது திரும்பி வந்த நேரத்தில் இரண்டு மூட்டை யூரியாவும் சேர்ந்துகொண்டது. செடி அளவுக்கு மீறித் தழைத்து, தண்டும் குருத்தும் நீர்த்தன்மையோடு மென்மையாயின. கத்தரியில் தண்டு மற்றும் காய்த்துளைப்பானுக்கு அத்தகைய குருத்து மிக வசதியானது. ஆகவே புழு மருந்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன்பு உரமிடும் முறையைத் திருத்துங்கள்.

இனி எருவைத் தயார் செய்யும் முறை. குழியில் மாதக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருப்பதால் மட்டும் குப்பை மக்கிவிடாது. மேலே கொட்டியது நேற்றையதாகவும் அடியில் இருப்பது சென்ற ஆண்டினதாகவும் இருக்கும்; அள்ளும்போது இரண்டும் கலந்து வரும். எனவே நடவுக்கு நான்கு மாதத்துக்கு முன்பே ஒரு குவியலை முடித்து, அதில் புதிதாக எதையும் சேர்க்காமல் தனியே விட்டுவிட வேண்டும். சாணத்தையும் வைக்கோலையும் அடுக்கடுக்காகப் போட்டு, கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியும் அளவுக்கு நீர் தெளித்து, நிழலில் வையுங்கள். குவியலின் உட்பகுதியில் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். ஓரத்தில் இருப்பதும் அந்தச் சூட்டைப் பெறுவதற்காக மாதம் ஒருமுறையாவது கிளறிவிட வேண்டும். தென்னை மட்டையை இதில் சேர்க்காதீர்கள். அது மக்கக் காலம் பிடிக்கும். துண்டாக்கிப் பாத்தியில் மூடாக்காகப் போடுவதே அதற்குத் தகுந்த பயன். உங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் மிகுதி என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். குப்பையைக் கிளறும்போது பருத்த வெண்ணிறப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கலாம். அவற்றைப் பொறுக்கி அழிக்காமல் எருவை வயலுக்கு ஏற்றக் கூடாது.

எரு முதிர்ந்துவிட்டதா என்பதை வீட்டிலேயே அறியலாம். நிறம் கருத்து, உள்ளே போட்ட பொருள் இன்னதென்று அடையாளம் தெரியாமல் உதிர்ந்து, மண் வாசனை வர வேண்டும். ஈரமான எருவில் ஒரு பிடியைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நான்கு நாள் வைத்துப் பிரித்தால், மூக்கைத் துளைக்கும் நெடியோ அழுகல் நாற்றமோ இருக்கக் கூடாது. ஐயம் நீங்காவிட்டால், வெறும் மண் ஒரு தொட்டியிலும், பாதி மண்ணும் பாதி எருவும் கலந்தது ஒரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் பச்சைப்பயறு விதையுங்கள். எருத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலும் முளைத்தது வெளுத்தாலும் அந்த எரு இன்னும் தயாராகவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஒரு வாரம் போதும்.

எருவும் உரமும் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணம்தான் இந்த விவாதம் முழுவதையும் குழப்புகிறது. உங்கள் நிலத்தைப் போன்ற செம்மண்ணில் மணல் மிகுதி. நீரும் சத்தும் வேரைத் தாண்டி எளிதில் கீழே இறங்கிவிடும். அவற்றைப் பிடித்துவைப்பது எருவில் உள்ள மட்கு, அதாவது மக்கி முடிந்த கரிமப் பொருள். மேல்மண் இறுகிப்போகாமல் இருப்பதும், இரண்டு பாசனங்களுக்கு இடையே செடி வாடாமல் தாங்குவதும் அதனால்தான். இந்த வேலையை எந்த மூட்டை உரமும் செய்யாது. ஆனால் எருவில் சத்தின் அளவு குறைவு. வழக்கமான தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 10 டன் போட்டால் 50 கிலோ தழைச்சத்து உள்ளே போகிறது என்றாலும், அதில் ஏறத்தாழ 30 சதவீதம்தான், அதாவது 15 கிலோதான், முதல் பயிருக்குக் கிடைக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இதைவிடக் கூடுதலான பங்கு கிடைக்கும். எஞ்சிய தழைச்சத்து அடுத்தடுத்த பயிர்களுக்கு மெல்ல மெல்லக் கிடைத்துக்கொண்டிருக்கும். கத்தரியோ பூக்கத் தொடங்கியதிலிருந்து வாரந்தோறும் காய் பறிக்கும் காலம் முழுதும் தழைச்சத்தைத் தொடர்ந்து கேட்கும் பயிர். அது கேட்கும் வேகத்துக்கு எருவால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் யூரியா.

பக்கத்துத் தோட்டத்து நண்பர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. யூரியாவோ பொட்டாஷோ குவியலாக விழுந்த இடத்தில், உப்பு மிகுதியால் அந்தக் கைப்பிடி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் இளவேர்களும் கருகும். ஆனால் பரிந்துரைத்த அளவைப் பரவலாக இட்டால் நிலத்தின் நுண்ணுயிர் செத்துவிடும் என்பதை நீண்டகால ஆய்வு வயல்கள் மறுக்கின்றன. கோயம்புத்தூரில் ஒரே நிலத்தில் ஒரே வகை உரமிட்டுப் பார்க்கும் நிரந்தர உரப் பரிசோதனை 1909-இல் தொடங்கியது. நாடு தழுவிய நீண்டகால உரப் பரிசோதனைத் திட்டத்தை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1970-இல் தொடங்கியது. அந்த வயல்களில் தழை, மணி, சாம்பல் மூன்றும் தொழு உரத்தோடு சேர்ந்து கிடைத்த பாத்திகளே விளைச்சலிலும், மண்ணின் கரிமத்திலும், நுண்ணுயிர்ப் பெருக்கத்திலும் மேலாக நின்றன. மாறாக, இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் அமில மண்ணில் ஆண்டாண்டாகத் தழைச்சத்து உரம் மட்டுமே பெற்ற பாத்தியில், புளிப்பு ஏறி, மக்காச்சோளமும் கோதுமையும் ஏறக்குறைய ஒன்றுமே விளையாத நிலை வந்தது. அஞ்ச வேண்டியது இதைத்தான். எருவும் இல்லாமல் மற்றச் சத்துகளும் இல்லாமல் யூரியாவை மட்டும் கொட்டுவதுதான் நிலத்தைக் கெடுக்கும்.

அளவுக்கு வருவோம். வீரிய ஒட்டு அல்லாத கத்தரி ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரமும், அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 50:50:30 கிலோவும், நட்ட 30-ஆம் நாள் மேலுரமாக 50 கிலோ தழைச்சத்தும் பரிந்துரைக்கிறது. உங்கள் ஒரு ஏக்கருக்கு இது 10 டன் எரு, அடியுரமாக 20:20:12 கிலோ, மேலுரமாக 20 கிலோ தழைச்சத்து என்றாகும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், 45 கிலோ மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே வந்துவிடும். அதாவது பயிர்க்காலம் முழுவதற்கும் இரண்டு மூட்டை. நீங்கள் சென்ற பட்டத்தில் போட்டதும் இரண்டு மூட்டைதான் என்பதைக் கவனியுங்கள். அளவு சரி, போட்ட விதமும் வேளையும்தான் தவறு.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எரு போட்டுவிட்டோம், ஆகவே உரத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பலர் கணக்கிடுகிறார்கள். மேலே சொன்ன பரிந்துரையே 10 டன் எருவையும் சேர்த்துக்கொண்டு வகுக்கப்பட்டது. முழு எருவையும் போட்டவர் அதற்காக மறுபடியும் உரத்தைக் கழித்தால் பயிர் இளைக்கும். உங்கள் இரண்டு மாடுகளின் சாணமும் தீவனக் கழிவும் மக்கி ஆண்டுக்கு 4 டன்னைத் தாண்டுவது அரிது. எனவே இப்போதைக்கு உரத்தைக் குறைக்கும் நிலையில் நீங்கள் இல்லை; முதலில் எருவைக் கூட்டும் வழியைப் பார்க்க வேண்டும். உள்ள 4 டன்னையும் வயல் முழுவதும் வீசாமல், கடைசி உழவு முடிந்து பார் பிடிக்கும்போது, நாற்று நடப்போகும் வரிசையை ஒட்டி மட்டும் இட்டு மண்ணை அணையுங்கள். வேர் இருக்கும் இடத்தில் எரு அடர்ந்து நிற்கும். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இதை முடித்து ஒரு தண்ணீர் விட்டுவிட வேண்டும். எருவை வெளியில் வாங்கினால் டிராக்டர் கணக்கில் வாங்காமல், ஒரு நடையையாவது எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். ஈரத்தைப் பொறுத்தும் பாரம் ஏற்றிய விதத்தைப் பொறுத்தும் ஒரே வண்டியில் வருவது பெரிதும் மாறும்.

உரக்கடையில் சொல்வதுபோல் டி.ஏ.பி. இல்லாமல் கத்தரி வராது என்பதில்லை. மணிச்சத்து வேண்டும், அது டி.ஏ.பி.யாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 125 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் உங்களுக்கு வேண்டிய 20 கிலோ மணிச்சத்து இருக்கிறது, டி.ஏ.பி.யில் இல்லாத சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் அதனோடு கூடவே வருகின்றன. காய்கறிக்கு நான் சூப்பரையே விரும்புவேன். இதில்தான் எருவும் உரமும் மிக அழகாகக் கைகோக்கின்றன. செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து, வேருக்குக் கிடைக்காத வடிவில் பூட்டிவிடும். சூப்பரை நேரே மண்ணில் வீசாமல், 300 கிலோவோ அதற்கு மேலோ பொடித்த மக்கிய எருவில் கலந்து, ஈரப்படுத்தி, குவித்து, மண்ணால் மெழுகி, ஒரு மாதம் மூடிவைத்து இட்டால் அந்தப் பூட்டுதல் பெரிதும் குறையும். ஊட்டமேற்றிய தொழு உரம் என்று மானாவாரிப் பயிர்களுக்குப் பல காலமாகப் பரிந்துரைக்கப்படும் முறை இது, காய்கறிக்கும் பொருந்தும். சாம்பல்சத்துக்கு 20 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷை நடவின்போது தனியே இட்டால் போதும்.

யூரியாவை மட்டும் மக்கிய எருவில் கலந்து குவித்து வைக்காதீர்கள். எருவில் உள்ள நொதி யூரியாவை விரைவில் அம்மோனியாவாக மாற்றிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகும். அடுப்புச் சாம்பலும் அப்படியே. அதன் காரத்தன்மையால் யூரியா, டி.ஏ.பி. இரண்டிலிருந்தும் அம்மோனியா வெளியேறும் என்பதால், சாம்பலை எப்போதும் வேறொரு நாளில் தனியாகவே இட வேண்டும். தென்னைநார்க் கழிவை மக்கவைக்க டன்னுக்கு 5 கிலோ யூரியா சேர்க்கச் சொல்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கழிவில் கரிமம் தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் இருப்பதால், போட்ட யூரியாவை அங்குள்ள நுண்ணுயிர்கள் உடனே உண்டுவிடுகின்றன. முதிர்ந்த எருவில் அந்தப் பசி இல்லை.

அடியுர யூரியாவில் பாதியை நடவின்போதும், மீதிப் பாதியை நாற்று வேர்பிடித்த பிறகு 15-ஆம் நாளிலும் கொடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் இது கழிவைக் குறைக்கும். மேலுர மூட்டையையும் 30-ஆம் நாளில் ஒரேயடியாகப் போடாமல், 30, 50, 70 ஆகிய நாட்களில் 15 கிலோவாகப் பிரித்து இடலாம். செடியின் தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, சிறு சால் கீறி, அதில் இட்டு மண்ணால் மூடி, அன்றே தண்ணீர் கட்டுங்கள். காய்ந்த மண்ணின் மேல் வெயிலில் கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். முதல் மேலுரத்தோடு மண் அணைத்துவிட்டால் களையெடுப்பும் சேர்ந்து முடியும்.

நுண்ணுயிர்கள் கொண்ட உயிர் உரங்களான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஏக்கருக்கு 800 கிராம் வீதம் வாங்கி, 20 கிலோ எருவில் கலந்து நடவின்போது வேர்ப்பகுதியில் இடலாம். நண்பரின் எச்சரிக்கை இங்கே பொருந்தும். இந்த உயிர் உரங்களை எந்த ரசாயன உரத்தோடும் ஒரே கையில் கலக்கக் கூடாது. அவற்றை இடும் பட்டத்தில் நடவின்போது கொடுக்க வேண்டிய பொட்டாஷையும் யூரியாவையும் ஒரு வாரம் பத்து நாள் தள்ளிக் கொடுங்கள்.

தக்காளிக்கு இந்த முறையே பொருந்தும். ஆனால் அது கூடுதலாக உண்ணும் பயிர். வீரிய ஒட்டு அல்லாத ரகங்களுக்கு ஏக்கருக்கு அடியுரம் 30:40:20 கிலோ, மேலுரம் 30 கிலோ தழைச்சத்து, இவற்றோடு 4 கிலோ போராக்ஸும் 20 கிலோ துத்தநாக சல்பேட்டும் தேவை. துத்தநாக சல்பேட்டைச் சூப்பருடனோ டி.ஏ.பி.யுடனோ கலக்காமல் மணலில் கலந்து தூவுங்கள். கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பத்துப் பயிர்கள் என்பதால், வாடல் நோயும் நூற்புழுவும் இரண்டுக்கும் பொது. இடையில் ஒரு பட்டம் சோளமோ சின்ன வெங்காயமோ வைப்பது நல்லது.

எருப் பற்றாக்குறைக்குக் கோழி எருவை வாங்கலாம் என்று தோன்றும். அதில் தழைச்சத்து தொழு உரத்தைப்போல் பல மடங்கு. பச்சையாகப் போட்டால் நாற்றைக் கருக்கிவிடும். வைக்கோலோடு சேர்த்து மக்கவைத்து, அளவில் குறைத்துப் போடுங்கள். நகராட்சி உரத்தை வாங்குவதானால், 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கன உலோகங்கள் சோதிக்கப்பட்டதற்கான அறிக்கையைக் கேளுங்கள். கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்ததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வயலில் ஏற்றாதீர்கள். ஏறியதை நிலத்திலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. எல்லாவற்றையும்விட மலிவான வழி, நடவுக்கு இரண்டு மாதம் முன்பு சணப்பு என்னும் பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதுதான். அது இளம் தழை என்பதால் வைக்கோலைப்போல் தழைச்சத்தை முடக்காது. பத்து பதினைந்து நாளில் மட்கிவிடும்.

ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தும் எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டே அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். இலங்கை அரசு 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அதே நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் நெல்லும் தேயிலையும் விளைச்சலில் கடுமையாக அடிபட்டிருந்தன. ஈடுசெய்யும் அளவுக்கு எருவும் இல்லை, மண்ணும் அதற்குப் பழகியிருக்கவில்லை. உங்கள் ஒரு ஏக்கருக்கும் இதே கணக்குதான். 4 டன் எருவை வைத்துக்கொண்டு மூட்டையை நிறுத்தினால் இழப்பு உங்கள் குடும்பத்தினுடையது. எருவையும் பசுந்தாளையும் ஆண்டுதோறும் கூட்டி, மண்ணில் கரிமம் ஏறியது சோதனையில் தெரிந்த பிறகு, உரத்தில் கால் பங்கைக் குறைத்துப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

ஆகவே நடவுக்கு முன்பு மண் பரிசோதனை செய்துவிடுங்கள். வரப்பு, மரநிழல், குப்பை குவித்திருந்த இடம் ஆகியவற்றை விட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக் குறைத்து, அரை கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். அறிக்கையில் கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எருவுக்குத்தான் முதலிடம், 0.75-க்கு மேல் இருந்தால் தழைச்சத்தில் கால் பங்கு குறைக்கலாம். மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் காட்டினால், இந்தப் பட்டத்தில் சூப்பரையும் டி.ஏ.பி.யையும் நம்பிப் பணம் செலவிடாதீர்கள். ஆண்டுதோறும் டி.ஏ.பி. போட்ட காய்கறி நிலங்களில் மணிச்சத்து தேங்கி, துத்தநாகத்தைச் செடி எடுக்கவிடாமல் தடுப்பது பரவலாகக் காணப்படுகிறது. அறிக்கை வந்ததும் கார அமிலநிலை, உப்புநிலை, கரிமம், மணி, சாம்பல், துத்தநாகம், போரான் ஆகிய எண்களை எழுதி அனுப்புங்கள். உங்கள் வயலுக்கென்றே அளவுகளைத் திருத்தி எழுதுகிறேன்.